நூற்றுப் பதினேழு சிவப்பு அம்புகள்

நெருப்பெரிச்சல்,
18.9.2007, செவ்வாய்.

என் பாசத்துக்குரிய அப்பாவுக்கு,

மகள் சித்ராதேவி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒரு கிலோ எடை கூடி இருக்கிறேன். அங்கே நீங்களும் அம்மாவும் வெள்ளாடுகள் இரண்டும் ஒருவரை ஒருவர் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை முனீஸ் அண்ணன் தன் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் படிப்பார், நீங்கள் கடை பெஞ்சில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு கேட்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். முனீஸ் அண்ணனுக்கும் வணக்கம். அண்ணா, போன மாதக் கடிதத்தில் "காய்ச்சல் வந்தது, இரண்டே நாளில் போய்விட்டது" என்று எழுதியிருந்தேன். நீங்கள் "காய்ச்சல் வந்தது" வரைக்கும் படித்துவிட்டு, யாரோ ஜாக்கெட் வாங்க வந்தார்கள் என்று எழுந்து போனீர்களாம். அந்த இடைவெளியில் அப்பா கிளம்பிப் போய், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் பஸ் எது என்று விசாரித்துக்கொண்டு நின்றாராம். ஆகவே இந்த முறை யார் வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு எழுந்திருங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் உங்களுக்கு மட்டும். வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.

அப்பா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை போய்விட்டது. (அண்ணா, மூச்சு விடாமல் அடுத்த வரிக்கு வந்துவிடுங்கள்.) இன்னும் போகவில்லை, நாளைக் காலையில்தான் போகும். முதலாளி திருமூர்த்தி ஐயா, "காலைல ஒம்பது மணிக்கு ஆபீசுல வந்து என்னையப் பாரு கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். இந்தக் கம்பெனியில் அப்படிக் கூப்பிடப்பட்டவர்கள் பத்து மணிக்குத் திரும்பி வந்து வேலை பார்த்ததை நான் கண்டதில்லை. அதனால் சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடுகிறேன். தப்பு முதலாளியுடையது இல்லை, என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன்.

என்னை பஸ் ஏற்றிவிட்ட அன்று நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யாரு என்ன கேட்டாலும் ஒரு குறையும் இல்லன்னு சொல்லிரு தாயி. சோறு போடுற எடத்துல குறை சொல்லப்புடாது" என்றீர்கள். மூன்று வருஷம் வகுப்பில் வாயைத் திறக்காமல் பி.ஏ. வரலாறு முடித்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் ரொம்ப வசதியாகப் போய்விட்டது. சாப்பாடு எப்படி? ஒரு குறையும் இல்லீங்க. அறை எப்படி? ஒரு குறையும் இல்லீங்க. என் அறையின் மின்விசிறி சுற்றாமல் நின்ற இடத்திலேயே நின்று நடுங்கும். அதைக்கூட நான் காற்று அதிகம் பிடிக்காது என்று சொல்லிச் சமாளித்தேன். இந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் "ங்க" போட்டுப் பேசுவதால், குறை இல்லை என்பதை நானும் மரியாதையாகச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் ஊரில் "டீச்சர் மாதிரி" என்று சொல்லி வைத்திருக்கிறீர்களாம். டீச்சர் இல்லை அப்பா. முதலாளியின் பனியன் கம்பெனிக்குப் பின்னால் பழைய நூல் குடோன் ஒன்று இருக்கிறது. அதை இரண்டு அறையும் ஒரு கூடமும் சமையலறையுமாகத் தடுத்து, ஒன்பது பெண்களைத் தங்கவைத்திருக்கிறார். ஐந்து பேருக்குக் காது கேட்காது, பேசவும் வராது. வேலாத்தாள் அக்காவுக்கு ஒரு கால் சின்ன வயதிலேயே சூம்பிவிட்டது. ஞானாம்பாளுக்கு வயது முப்பது, மனசுக்கு எட்டு. மற்ற இருவருக்கும் பார்வை மங்கல். இவர்களுக்குக் காவலாகவும் துணையாகவும் இருப்பது என் வேலை. எல்லோரும் கம்பெனியில் செக்கிங்கும் பிசிர் நூல் வெட்டுவதும் செய்கிறார்கள். செக்கிங் என்றால், தைத்து வந்த பனியனை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ பிரிந்த தையலோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது. அம்பு ஒட்டிய பனியன் சரிபண்ணப் போய்விடும். பேச்சே தேவையில்லை. இவர்களில் ரோஸ்மேரி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், காது கேட்காதவள், மூன்று மேஜை தள்ளி இருக்கும் ஓட்டையைக் கூடக் கண்டுபிடிப்பாள்.

ரோஸ்மேரிதான் எனக்குக் கைப்பேச்சு கற்றுக்கொடுத்தாள். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. முதலாளிக்கு மீசையை முறுக்குவது. வேலாத்தாள் அக்காவுக்கு மூக்கைச் சுருக்குவது, ஏனென்றால் எதைச் சமைத்தாலும் அவருக்குப் பிடிக்காது. எனக்கு வைத்த பெயர், காற்றில் ஒரு சாவியைத் திருப்புவது. சாவிக்கொத்து என் கையில் இருப்பதால் அப்படி. நான் அதை ஒரு பதவி மாதிரி நினைத்துப் பெருமைப்பட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அவர்கள் எல்லோரும் உள்ளே போனதும், நான் வெளியே நின்று கதவைப் பூட்டிவிட்டு, முற்றம் தாண்டி கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அறைக்குப் போய்விடுவேன். காலை ஆறு மணிக்கு வந்து திறப்பேன்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாள் வந்தது. உடம்புக்கோ மனசுக்கோ முடியாதவர்களைத் தங்கவைக்கும் வீடுகள் எல்லாம் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதிகாரி மேடம் ஒருவர் நேரில் வந்து பார்த்த பிறகுதான் பதிவு, பதிவு இல்லையென்றால் நடத்தக் கூடாது. கூடவே முப்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். முதலாளி அதை என்னிடம் நீட்டி, "படிச்ச புள்ள, நீயே எழுதிரு கண்ணு" என்றார். நான் முப்பத்தொரு கேள்விகளுக்கு மணி மணியான எழுத்தில் "ஆம்" போட்டுவிட்டேன். அதில் பாதி ஆம், பாதி ஆகட்டும். முப்பத்திரண்டாவதில் பேனா நின்றுவிட்டது. "உள்ளே தங்கியிருப்போர் எந்நேரமும் தாமாகவே கதவைத் திறந்து வெளியே வர இயலுமா?"

நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். முதலாளி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"அதெப்பிடி கண்ணு முடியும்? காது கேக்காத புள்ளைங்க, கண்ணு தெரியாத புள்ளைங்க. பூட்டாம உட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னையத்தான கேக்கும்?"

"அப்ப இல்லைன்னு எழுதிரட்டுமாங்க?"

"எழுதிப்போட்டீன்னா மூடச் சொல்லிப்போடுவாங்க. மூடுனா இதுக எங்க போகும்? வேலாத்தாளுக்கு அவ அண்ணன் ஊட்டுல மாட்டுச் சாளைதான். அந்த ஞானாம்பாள் புள்ளைய ரயில் டேசன்ல உட்டுப்போட்டுப் போனாங்கல்லோ, நாந்தான கூட்டியாந்தேன்? நீயே சொல்லு."

அவர் சொன்னது பொய் இல்லை அப்பா. தீபாவளிக்கு முதல் சேலை இவர்களுக்கு எடுத்த பிறகுதான் தன் வீட்டுக்கு எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு அவர் வீட்டிலிருந்து தூக்குப் போசியில் வரும். அப்படிப்பட்ட மனுஷர் குரலைத் தாழ்த்தி, "ஆமாம்னே எழுதிப்போடு கண்ணு. மேடம் வந்துட்டுப் போற மட்டும் பூட்ட எங்காச்சும் ஒளிச்சு வெச்சிரு. அப்பறம் பழையபடி மாட்டிக்கலாம்" என்றார். நான் அந்த மாட்டுத் தொழுவத்தை நினைத்துக்கொண்டு "ஆம்" எழுதினேன். நேற்றுக் காலை கதவைத் திறந்த கையோடு பூட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் அரிசி டிரம்முக்குள், முழங்கை வரைக்கும் கையை விட்டுப் புதைத்தேன். நிமிர்ந்தால் வாசலில் ரோஸ்மேரி நிற்கிறாள். அரிசியில் வண்டு இருக்கிறதா என்று பார்த்தேன் என்று சைகை காட்டினேன். அவள் ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினாள்.

அடுத்து புகார்ப் பெட்டி. பத்தொன்பதாவது கேள்வி. பனியன் அடுக்கும் அட்டைப்பெட்டி ஒன்றுக்கு வண்ணத்தாள் ஒட்டி, பூனை தள்ளிவிடாமல் இருக்க நல்ல உயரமாக ஆணி அடித்து மாட்டினேன். புகார் எழுத இவர்களில் யாருக்கும் எழுத்து வராது என்பது மாட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. பெட்டி காலியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று முதலாளி சொன்னார். அதனால் அவருக்குச் சொல்லாமல் நானே மூன்று விதக் கையெழுத்தில் "சாம்பாரில் உப்பு சற்றுக் குறைவு", "டி.வி. பெரிதாக இருந்தால் நலம்", "முதலாளி ஐயா இன்னும் அடிக்கடி வந்து எங்களைப் பார்க்க வேண்டும்" என்று எழுதிப் போட்டேன். மூன்றாவதைப் படித்த முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரு கண்ணு எழுதுனது?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

(அண்ணா, இந்தப் பத்தியை அப்பா கேட்டால் "நான் இதுக்காடா படிக்க வெச்சேன்" என்று உங்களைத்தான் திட்டுவார். விட்டுவிட்டுப் படியுங்கள்.)

நேற்றுச் சாயங்காலம் ஒன்பது பேரையும் கூடத்தில் உட்காரவைத்து, நாளைக்கு ஒரு மேடம் வருகிறார், வீட்டில் குறை இருக்கிறதா என்று பார்ப்பார் என்று கையாலும் வாயாலும் விளக்கினேன். என் மனசில் இருந்தது, எல்லோரும் குளித்துச் சுத்தமாக வரிசையாக நிற்க வேண்டும் என்பது மட்டுமே. ரோஸ்மேரி கேட்டாள், குறை இருந்தால் எப்படிக் காட்டுவது? எனக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. அடுப்பில் பால் வேறு. "கம்பெனியில் எப்படியோ அப்படியே, கவனமாக" என்று காட்டிவிட்டுப் பாலை இறக்க ஓடினேன். அங்கே போல இங்கேயும் ஒழுங்காக இருங்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்திருக்க வேண்டும். பாலைத்தான் பார்த்தேன்.

இன்று காலை மேடத்தை அழைத்துவர பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஜீப் வரும் என்று ஒரு மணி நேரம் ஒவ்வொரு ஜீப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் டவுன் பஸ்ஸில், வேலைக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவில் நசுங்கி, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தார். "ஜீப் ரிப்பேர்மா" என்றார். நான் "ஒரு குறையும் இல்லீங்க மேடம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டு வாசலில் முதலாளி புது டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றார், வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. உள்ளே காலை வைத்தோம். அப்பா, நம்ம ஊர்த் திருவிழாவில் சுவரெல்லாம் காவி பூசுவார்களே, அதுபோல வீடு சிவந்து கிடந்தது. எங்கே பார்த்தாலும் அம்பு. ஒழுகும் குழாயில் இரண்டு. தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக் கதவில் நான்கு. ஆடும் கட்டில் கால்களில் காலுக்கு ஒன்று. கூரையில் மழைநீர் இறங்கிய கறையைச் சுற்றி எட்டு, அதை விளக்குமாற்றுக் குச்சி நுனியில் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். தீயணைக்கும் மணல் வாளியில் ஒன்று, ஏனென்றால் அதைப் பூனை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதத்திலேயே நின்றுவிட்ட காலண்டரில் ஒன்று. முதலாளியின் அப்பா ராசப்பன் ஐயாவின் மாலை போட்ட படத்தில் ஒன்று. படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அம்பு போய் ஐயாவின் மீசையில் முடிந்தது. என் புகார்ப் பெட்டியில் மட்டும் ஐந்து. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, கால் முடியாத வேலாத்தாள் அக்காவுக்கு அது எட்டாது, பார்வை மங்கியவர்களுக்கு அது தெரியாது, உள்ளே தாளைப் போடுவதற்கு நான் வெட்டிய ஓட்டை பெட்டியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருந்தது. என் மூன்று புகார்களையும் நானே மூடியைத் திறந்துதான் போட்டிருந்தேன்.

ஒன்பது பேரும் குளித்து, பொட்டு வைத்து, வரிசையாக நின்றார்கள். கையில் பாதி தீர்ந்த ஸ்டிக்கர் சுருள்.

"என்ன சார் இது?" என்றார் மேடம்.

"தெரியலீங்க" என்றார் முதலாளி. அவர் கையை விரித்ததும் ஞானாம்பாள் ஓடிவந்து அவர் அக்குளுக்குக் கீழே ஒரு அம்பை ஒட்டினாள். அங்கே தையல் பிரிந்து ஒரு விரல் நுழையும் ஓட்டை. மேடத்தின் சேலையில், பஸ் நெரிசலில் ஃபால்ஸ் பிரிந்து தொங்கிய இடத்தில் இன்னொன்று. பிறகு இருவரின் முகத்தையும் பார்த்துச் சிரித்தாள், மெச்சிக்கொள்வார்கள் என்று.

"இது உங்க கம்பெனி டி-ஷர்ட்டா சார்?"

"எங்க சரக்குத்தானுங்க" என்றார் முதலாளி, அக்குளை இறுக்கி மூடிக்கொண்டு. "சேம்பிளுங்க. வாங்கற பார்ட்டிக்கு இப்பிடிப் போகாதுங்க."

மேடம் சிரித்தார் அப்பா. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவர் ஒவ்வொரு அம்பாக நின்று பார்த்து எழுதிக்கொண்டே போனார். எல்லாம் முடிந்து வெளிக்கதவுக்கு வந்து, சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்த கதவை இழுத்துப் பார்த்தார். கதவின் வெளிப்பக்கம், பூட்டு மாட்டும் கொண்டியைச் சுற்றி ஒன்பது அம்புகள் வட்டமாக ஒட்டியிருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் கொண்டி.

"மத்த எடத்துல எல்லாம் ரெண்டு, நாலு, மிஞ்சினா எட்டு. இங்க ஒன்பது. இதுல என்ன டேமேஜ்?"

முதலாளி என்னைப் பார்த்தார். ரோஸ்மேரி என்னைப் பார்த்தாள். எனக்கு இரண்டு பதில் தெரியும். ஒன்று நீங்கள் பஸ் ஜன்னலில் சொல்லிக் கொடுத்தது. அது நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லியும் விட்டேன், "ஒரு குறையும்" என்பது வரைக்கும்.

அப்போது வேலாத்தாள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான் சொல்றனுங்க. ஏனம்மிணி, இந்தக் கால வெச்சுட்டு நான் எங்க ஓடிப்போயிருவன்னு பூட்டறே? எனக்கு ஒண்ணும் வேண்டாம். சாயங்காலம் முக்குக் கடைல போயி உக்காந்து, சூடா ஒரு டீ குடிக்கோணும். மூணு வருசமா அந்தக் கடை எங்க இருக்குதுன்னே தெரியாதுங்க. பஜ்ஜி வாசம் மட்டும் வரும்."

"பூட்டறதா?" என்றார் மேடம். பேனா நின்றது. என் பக்கம் திரும்பினார். "நீங்க எங்க தங்கறீங்க?"

"கேட் பக்கத்து அறையிலங்க."

"இங்க தீப்பிடிச்சா?"

"சத்தம் போட்டா ஓடி வந்து திறந்துருவேங்க" என்றேன். பழக்கத்தில் வந்த பதில்.

அவர் கோபப்படவில்லை. வரிசையில் பேச வராத அந்த ஐந்து பேரின் முகத்தை மெதுவாகப் பார்த்துவிட்டு, "இவங்கள்ல யாரும்மா சத்தம் போடுவாங்க?" என்று கேட்டார்.

அப்பா, ஒரு வருஷமாக தினமும் ஏழு மணிக்கு அந்தக் கதவைப் பூட்டியிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். அரிசி டிரம்மைத் திறந்து கையை விட்டேன். அவசரத்தில் பூட்டு அகப்படவில்லை. தோள் வரைக்கும் விட்டுத் துழாவி, முதலில் ஒரு பழைய உழக்கு வந்தது, பிறகு எப்போதோ காணாமல் போன என் சீப்பு வந்தது, கடைசியில் பூட்டு வந்தது. தலை, கை, துப்பட்டா எல்லாம் அரிசியாக அதை மேடத்தின் கையில் கொடுத்து, "முப்பத்திரண்டாவது பதில் தப்புங்க மேடம். எழுதினது நான். பெட்டியில இருக்கற புகாரும் நான் எழுதினதுதாங்க" என்றேன்.

முதலாளியின் முகம் வாடிவிட்டது. பூட்டுக்காக இல்லை என்று நினைக்கிறேன், அந்த மூன்றாவது புகாருக்காக. மேடம் போன பிறகு, "என்ற ஊட்டுப் புள்ளைங்களாட்டமே பாத்துக்கிட்டனே கண்ணு" என்றார். "உங்க ஊட்ல வெளிய பூட்டுவீங்களாங்க?" என்று வேலாத்தாள் அக்கா கேட்டார். அவர் என்னிடம் ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு, அக்குளை அழுத்திக்கொண்டே போய்விட்டார். மேடம் பதிவைப் பற்றி வாயே திறக்கவில்லை. பூட்டை மட்டும் ஒரு தாளில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஒன்றை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சாவிக்கொத்தை நாளைக்கு ஒப்படைக்க வேண்டுமே என்று இப்போது எடுத்துத் துடைத்தேன். அதில் தொங்கும் மரக்கட்டையில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது. இந்த ஊரில் ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும், செருப்பில், சோற்றுத் தட்டில், தலைமுடியில். அதனால் நான் கண்டுகொண்டதே இல்லை. ஆனால் இது நேற்றோ இன்றோ ஒட்டியது இல்லை அப்பா. சிவப்பு வெளுத்து, ஓரமெல்லாம் அழுக்கேறி, மரத்தோடு மரமாகிவிட்டது. நான் வந்த முதல் மாதத்திலேயே ஒட்டியிருப்பார்கள். ஒரு வருஷம் அவர்களுடைய புகாரை நான் கையிலேயே வைத்து ஆட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

ஆகவே வேலை போகட்டும். எனக்குக் கவலை அதில் இல்லை. வீட்டை மூடிவிட்டால் இந்த ஒன்பது பேரும் எங்கே போவார்கள் என்பதுதான். உண்மையைச் சொல்லி இவர்களைத் தெருவில் விட்டுவிட்டேனோ? சனிக்கிழமை சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். டிரங்குப் பெட்டி கனமாக இருக்கும்.

அம்மாவுக்கு என் அன்பு. அவள் சமையலில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லவும். அக்கம்பக்கத்தார் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். குலசாமி நம் எல்லோரையும் கதவு திறந்தே வைத்துக் காக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
சித்ராதேவி

பின்குறிப்பு, 19.9.2007, புதன்:

முனீஸ் அண்ணா, மேலே எழுதியிருக்கும் எதையும் அப்பாவுக்குப் படிக்க வேண்டாம். இதை மட்டும் படியுங்கள். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். (ஒருவேளை இங்கே வருவதற்குள் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தால், தயவுசெய்து ஆள் அனுப்பி அப்பாவை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வாருங்கள். சனிக்கிழமை வரைக்கும் அவர் பொறுக்க மாட்டார்.)

அப்பா, வேலை போகவில்லை. நான் ஊருக்கு வரவில்லை. ஒன்பது மணிக்குப் போனபோது முதலாளி அந்த டி-ஷர்ட்டை மேஜை மேல் விரித்து, ஞானாம்பாள் ஒட்டிய அம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நேத்து நீங்கல்லாம் கம்பெனிக்குப் போனதுக்கப்பறம் நானே எண்ணுனேன் கண்ணு. நூத்திப் பதினேழு. வெளிநாட்டுக்காரன் வந்து பாத்தாக்கூட ரெண்டு டேமேஜுக்கு மேல சொல்ல மாட்டான். இத்தன நாளு இவளுகள பனியன மட்டும் பாக்க வெச்சிருந்திருக்கறேன் பாரு" என்றார். கோயம்புத்தூரிலிருந்து மேடம் போன் பண்ணினாராம். மூன்று மாதம் தவணை. நூற்றுப் பதினேழையும் சரி செய்துவிட்டால் பதிவு உண்டு, வீடு இருக்கும். மறுபடி பார்க்க அவரே வருவாராம், இந்தத் தடவை யாரும் பஸ் நிறுத்தத்துக்கு வர வேண்டாமாம். கொண்டியை இன்று மத்தியானமே அறுத்தெடுத்தாகிவிட்டது. உள்ளே தாழ்ப்பாளும், இரு பக்கமும் திறக்கிற புதுப் பூட்டும். என் படுக்கை இனி உள்ளே, கூடத்தில். ஒன்பது பேருக்கும் ஒன்பது சாவி வெட்டக் கொடுத்தோம், வந்துவிட்டது. ரோஸ்மேரி தன்னுடையதைச் சங்கிலியில் கோத்து, சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு வேலாத்தாள் அக்கா தன்னந்தனியாக முக்குக் கடைக்குப் போனார். நான் வாசலில் நின்று வழியைப் பார்த்தபடி நகம் கடித்தேன். ஆறரைக்கு வந்தார். "டீ எப்படி இருந்துச்சு அக்கா?" என்றேன். மூக்கைச் சுருக்கினார். "கழுநீரு. கிளாசுல ஒண்ணு ஒட்டிப்போட்டுத்தான் வந்தேன். நாளைக்கும் போயிப் பாக்கோணும், மாத்தியிருக்கறானான்னு."

என் சைகைப் பெயர் மாறிவிட்டது அப்பா. காற்றில் சாவி திருப்புவது போய்விட்டது. இப்போது தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவி, தலையிலிருந்து அரிசியைத் தட்டிவிடுவது. பெயர் கொஞ்சம் நீளம். எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த முறை நிஜமாகவே.

இந்த உறைக்குள் ஒரு தாள் ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன், இருபத்து நான்கு அம்புகள். போன தடவை நான் ஊருக்கு வந்தபோது நீங்கள் சோற்றுத் தட்டை இடது கையால் தூக்கவே இல்லை. பருப்பு மில் மூட்டை தூக்கும் தோள். கேட்டதற்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னீர்கள். நம் வீட்டுக் கூரை எங்கே ஒழுகுகிறது என்று அம்மாவும் சொன்னதில்லை. தீபாவளிக்கு வருவேன். அதற்குள் எங்கெங்கே குறையோ அங்கெல்லாம் ஒன்று ஒட்டி வையுங்கள். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, யாரிடமும் வாய் திறந்து சொல்ல வேண்டியதுமில்லை. முனீஸ் அண்ணா, அப்பா தானாக ஒட்டிக்கொள்ள மாட்டார். இந்த வரியைப் படித்து முடித்ததும், எழுந்து போகாமல், முதல் அம்பை நீங்களே உரித்து அவர் தோளில் ஒட்டுங்கள்.